"யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்ன பிறகு

உடன்பிறந்தவரோ, அலுவலகத் தோழியோ, விடுதி அறைத்தோழனோ ஒருநாள் தனியே அழைத்து, "இனிமே இருக்க வேண்டாம்னு தோணுது. யார்கிட்டயும் சொல்லாதே" என்கிறார். கேட்டவருக்கு இரண்டு பயம் வருகிறது. வெளியே சொன்னால் நம்பிக்கைத் துரோகம் ஆகிவிடுமோ? நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் நம் மேலும் கேஸ் வருமோ? இந்த இரண்டாவது பயத்தாலேயே சிலர் விலகிப் போய்விடுகிறார்கள். அதனால் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த 309ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. பிழைத்து வந்தவரும் குடும்பமும் போலீசுக்குப் பயந்து, நடந்ததை மருத்துவரிடம்கூட மறைத்தார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) இதை மாற்றியது. அதன் 115ஆம் பிரிவின்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 309ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே கிடையாது. அரசு ஊழியரின் பணியைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வதை மட்டும் அதன் 226ஆம் பிரிவு இன்னும் குற்றமாக வைத்திருக்கிறது.

ஆகவே அந்த எண்ணத்தைச் சொல்வது குற்றமல்ல, கேட்பதும் குற்றமல்ல. கேட்டதைப் போலீசில் சொல்லியே தீர வேண்டும் என்று சாதாரணக் குடிமக்களைக் கட்டாயப்படுத்தும் பிரிவும் இங்கே இல்லை. தற்கொலைக்குத் தூண்டுதல் (பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவு, பத்தாண்டு வரை சிறை) வேறு விஷயம். அதற்குத் தூண்டியிருக்க வேண்டும், சேர்ந்து திட்டமிட்டிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். கோபச் சண்டையில் "போய்ச் சாவு" என்று சொன்னது மட்டுமே தூண்டுதல் ஆகாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. அப்படியிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஓரிடத்தில் மட்டும் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. சாக வேண்டும் என்று சொல்வது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாக இருந்து, அதன் பின்னால் பாலியல் கொடுமை இருப்பது தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைப் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், அத்தை, மாமா யாராக இருந்தாலும் விலக்கு இல்லை. மறைப்பது தண்டனைக்குரிய குற்றம்.

மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் நிலை வேறு. நோயாளி சொன்னதை ரகசியமாகக் காப்பது அவர்களுடைய சட்டக் கடமை. ஆனால் அந்தக் கடமையைச் சொல்லும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவே, உயிருக்கு ஆபத்து வரும்போது அதைத் தடுக்கத் தேவையான தகவலை வெளியிட அனுமதிக்கிறது. தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. என்னைக் கேட்டால், நண்பர்களும் குடும்பத்தாரும் இந்தச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வரம்பைத்தான். "அவளைத் தனியா விடாதீங்க, இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்" என்று அவளுடைய அக்காவிடம் சொன்னால் போதும். அவள் யாரைக் காதலித்தாள், எவ்வளவு கடன், தன் பாலினம் பற்றி என்ன சொன்னாள் என்பதெல்லாம் உயிரைக் காக்கத் தேவைப்படாத தகவல்கள். அவை வெளியே போனால், இன்று தப்பியவர் அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்க மாட்டார். யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டில் அடிக்கும் அப்பாதான் காரணம் என்றால், அவரிடம் கொண்டுபோய்ச் சொல்வது ஆபத்தைக் கூட்டும்.

கல்வி நிறுவனங்களின் பொறுப்பு சமீபத்தில் கூடியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த ஒரு மாணவியின் மரணம் குறித்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நெறிமுறைகளைத் தந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனம் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உதவி எண்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும்.

சட்டம் நண்பரிடம் கேட்பது கொஞ்சம்தான். அறம் கேட்பது அதிகம். அதற்கு மனநல ஆய்வுகளில் காரணம் இருக்கிறது.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில், முயன்று பிழைத்த 82 பேரிடம் ஆய்வாளர்கள் பேசினார்கள். எண்ணம் எழுந்ததிலிருந்து செயலில் இறங்கியது வரை பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். வேதனை பல மாதங்கள் இருக்கலாம், உயிரைப் பறிக்கும் உச்சக்கட்டம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் இருந்தால், ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால், உச்சம் தணிய வாய்ப்பு உண்டு. இலங்கை 1995இல் கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதியையும் 1998இல் எண்டோசல்பானையும் தடுத்தது. 2005க்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வீட்டிலும் இதையே செய்யலாம்: பூச்சிமருந்தையும் சேர்ந்துகிடக்கும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள்.

"சாகறேன்னு சொல்றவன் சாக மாட்டான், குரைக்கிற நாய் கடிக்காது" என்பார்கள். இந்தப் பேச்சு உயிர்களைக் குடித்திருக்கிறது. இறந்தவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். சாக நினைப்பவருக்குள் வாழ்வதற்கான ஆசையும் கூடவே இருக்கும். நம்மிடம் வந்து சொல்ல வைப்பது அந்த ஆசைதான். அதனால்தான் "சொல்லாதே" என்ற வேண்டுகோளுக்கு அப்படியே கட்டுப்படக் கூடாது என்கிறேன். "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இதை நான் தனியா சுமக்க முடியாது. யார்கிட்ட சொல்லலாம், நீயே சொல்லு, சேர்ந்தே போவோம்" என்பது நேர்மையான பதில். அவருக்குத் தெரிந்தே சொல்லுங்கள். முடிந்தால் அவர் தேர்ந்தெடுத்தவரிடமே சொல்லுங்கள். அவர் மறுத்து, ஆபத்தும் உடனடியானது என்றால், மறுப்பையும் மீறிச் சொல்லியாக வேண்டும்.

நேராகக் கேட்பதற்குப் பலர் தயங்குகிறார்கள், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று. இதை ஆராய்ந்த ஆய்வுகளில், கேட்பதால் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. சிலருக்கு மனப்பாரம் குறைந்திருக்கிறது. "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறியா? எப்போன்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நிதானமாகக் கேட்கலாம். நாளும் வழியும் முடிவாகியிருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவசர நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை முதற்கட்டச் சிகிச்சை தர மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94ஆம் பிரிவு இடமளிக்கிறது.

அன்றிரவு கடந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஆபத்து நெருங்கும்போது தெரியும் அறிகுறிகள், மனதைத் திருப்பும் வழிகள், அழைக்க வேண்டியவர்கள் ஆகியவற்றை அவரோடு சேர்ந்து தாளில் எழுதிவைப்பதைப் பாதுகாப்புத் திட்டம் என்கிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்தத் திட்டத்தோடு வீடு திரும்பி, தொடர்ந்து தொலைபேசியில் விசாரிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களிடம், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை சுமார் 45 சதவீதம் குறைவாக இருந்தது. நீங்களும் மறுநாள் போன் செய்யுங்கள், அடுத்த வாரமும் செய்யுங்கள்.

உதவிக்கு அழைக்க: இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு 044-24640050, இலங்கையில் மனநல உதவி எண் 1926. இந்த எண்களைச் சாக நினைப்பவர் மட்டுமல்ல, அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவரும் அழைக்கலாம். உயிர் ஊசலாடும் நேரமென்றால் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ்.