ஹாலில் வெளிச்சம் இருக்கிறது, தக்காளிக்கு இல்லை

இந்த மாதத்தில் மட்டும் இது ஏழாவது செடி. சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஹால் மூலையில் வைத்திருந்த தக்காளிச் செடியைக் காட்டினார். மூன்றரை அடி உயரம் இருந்தது. தண்டு பென்சில் பருமன்கூட இல்லை. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. தானாக நிற்க முடியாத அந்தச் செடியைத் திரைச்சீலைக் கம்பியில் நூல் கட்டித் தூக்கி நிறுத்தியிருந்தார். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதன்மேல் முட்டை ஓட்டுத் துண்டுகள், காய்ந்த தேயிலைச் சக்கை.

“தம்பி, டி.ஏ.பி. போட்டேன். பஞ்சகவ்யம் ஊற்றினேன். மீன் அமிலமும் வாங்கி வந்து தெளித்தேன். இன்னும் என்ன உரம் போட வேண்டும், சொல்லுங்கள்” என்றார்.

“அம்மா, இந்தச் செடி நான்கு மாதமாகப் பட்டினி கிடக்கிறது” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பேரக்குழந்தையைப் பார்ப்பதுபோல் தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்தவர். சற்று மென்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

தோட்டக்கலை படித்துவிட்டுப் பதினான்கு ஆண்டுகளாக வீட்டுத்தோட்டம் அமைத்துக் கொடுக்கிறேன். “செடி உயரமாகப் போகிறது, பூ இல்லை, என்ன உரம் போடலாம்?” என்ற கேள்வியைக் கேட்காத வாரமே கிடையாது. எனக்குக் கோபம் கேட்பவர்கள்மீது இல்லை. செடி எங்கே வைக்கப்படும் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் நாற்றை விற்று, கையோடு இரண்டு உரப் பாக்கெட்டுகளையும் திணித்து அனுப்புகிறவர்கள்மீதுதான். நாற்றங்கால் வைத்திருக்கும் சக தொழிலாளர்களே, தயவுசெய்து ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் வீட்டில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது?” வெயில் இல்லை என்று சொன்னால் தக்காளியை விற்காதீர்கள். அவர் கையில் புதினாவைக் கொடுத்து அனுப்புங்கள்.

“எங்கள் வீடு நல்ல வெளிச்சமான வீடு” என்று எல்லோரும் சொல்கிறார்கள். பகலில் விளக்கே போடுவதில்லை, ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோம், பிறகு செடிக்கு மட்டும் எப்படி வெளிச்சம் போதாது என்கிறார்கள். கண்ணை நம்பித்தான் இப்படிச் சொல்கிறார்கள். நம் கண் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிகிறது, கூடினால் சுருங்குகிறது. அதனால் மொட்டைமாடிக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நமக்குக் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. செடிக்கு அப்படிச் சரிக்கட்டிக்கொள்ளும் வசதி கிடையாது. விழுந்த ஒளியை எண்ணி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எண்களில் பார்த்தால் புரியும். மேகமில்லாத நண்பகலில் திறந்த மாடியில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வேப்பமர நிழலில் பெரும்பாலும் 5,000 முதல் 10,000 வரை. வெயில் நேராக விழாத ஜன்னலை ஒட்டி ஒன்றிரண்டு ஆயிரம். அங்கிருந்து ஆறேழு அடி உள்ளே வந்தால் 300 இருந்தாலே பெரிது. பேப்பர் படிக்க 300 தாராளமாகப் போதும். தக்காளி காய்க்க 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். காலை, மாலை வெயிலையும் சேர்த்துச் சராசரியாக 50,000 லக்ஸ் என்று வைத்தால், ஆறு மணி நேரத்துக்கு 3,00,000 ஆகிறது. உங்கள் ஹாலில் 300 லக்ஸ் பன்னிரண்டு மணி நேரம் இருந்தாலும் 3,600தான். எண்பதில் ஒரு பங்குகூட வரவில்லை. சாப்பாட்டில் எண்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, “ஏன் தெம்பில்லை?” என்று கேட்டு டானிக் ஊற்றினால் யாருக்குத்தான் உடம்பு தேறும்?

அடுப்பே மூட்டாமல் மளிகைச் சாமானைக் குவித்தால் சமையல் ஆகாது. உரம் மளிகைச் சாமான், வெயில் அடுப்பு. வெளிச்சம் குறைந்த இடத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் தண்டு இன்னும் நெடுநெடுவென்று ஓடும், திசு இன்னும் மென்மையாகும், அசுவினிப் பூச்சி வந்து உட்காரும். எடுத்துக்கொள்ளப்படாத உப்பு மண்ணில் தேங்கி இலை ஓரத்தைக் கருக்கும். அந்த ஆசிரியை வீட்டுச் செடியின் கீழ் இலைகள் அப்படித்தான் கருகியிருந்தன. அதைச் சத்துக் குறைபாடு என்று யாரோ சொல்ல, அவர் இன்னொரு கரண்டி போட்டிருக்கிறார்.

தண்ணீரும் அப்படியே. வெயில் படாத செடி தண்ணீர் குடிப்பது குறைவு. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மண் சேறாகி வேர் அழுகும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். காலண்டர் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

அந்த ஆசிரியை வீட்டில் வெளிச்சம் அளக்கும் கருவியை வைத்து அளந்தேன். செடி இருந்த மூலையில் 280 லக்ஸ். அங்கிருந்து பதினோரு அடி தள்ளி, கிழக்குப் பார்த்த பால்கனிக் கம்பியருகே காலை எட்டரை மணிக்கு 38,000. அந்த வெயிலில் துவைக்கும் இயந்திரமும் துணி உலர்த்தும் ஸ்டாண்டும் நின்றுகொண்டிருந்தன.

கருவி இல்லாதவர்கள் ஒரு வெள்ளைத்தாளைச் செடி இருக்குமிடத்தில் வைத்து, அதற்கு ஓரடி மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். நிழல் விரல் விரலாகக் கூர்மையாக விழுந்தால் தக்காளி வைக்கலாம். மங்கலாக, கை என்று மட்டும் தெரிந்தால் கீரை வைக்கலாம். நிழலே தெரியவில்லையென்றால் மணி பிளாண்ட் வையுங்கள்.

ஜன்னல் திசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “தெற்கு ஜன்னல்தான் சிறந்தது” என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுரைகளில் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் ஊரில் சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்கே நிற்கும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்து போகும். ஜூன் மாதத்தில் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் விழாது. அதே ஜன்னலில் டிசம்பர், ஜனவரியில் வெயில் அறைக்குள் நன்றாக இறங்கும். ஆகவே தெற்கு ஜன்னல் நமக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரைக்கும்தான். கிழக்கு எல்லா மாதமும் காலையில் கொடுக்கும். மேற்கு வெயிலும் உதவும், ஆனால் கோடையில் தொட்டியே சுட்டுவிடும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்புப் படலம், தூசி படிந்த கொசுவலை இரண்டும் வெளிச்சத்தைத் திருடும். வலையைக் கழுவுங்கள்.

வெயிலே இல்லாத வீட்டில் விளக்கு வைத்து வளர்க்க முடியுமா? முடியும், செலவு தெரிந்துதான் இறங்க வேண்டும். நான்கடி நீளம், ஓரடி அகலம் உள்ள ஒரு தட்டுக்கு, 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்குகள் நான்கு வேண்டும். செடியின் நுனிக்கு மேலே அரையடி முதல் ஓரடிக்குள் தொங்கவிட வேண்டும். செடி வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிந்தால் மாதம் 38 யூனிட் மின்சாரம் ஆகும். கூரையில் இருக்கும் ஒற்றைக் குழல் விளக்கு இந்தக் கணக்கில் சேராது. ஊதா நிறத்தில் ஒளிரும் 9 வாட் பல்பைச் “செடி விளக்கு” என்று விலை கூட்டி விற்கிறார்கள். அந்த நிறத்துக்கு மயங்காதீர்கள். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கின்றன. விளக்கின் மொத்த வாட்டும் அது செடிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும்தான் முக்கியம். இன்னொன்று, 24 மணி நேரமும் எரியவிடாதீர்கள். தொடர் வெளிச்சம் தக்காளிக்கு ஆகாது, இலை மஞ்சளாகிப் புள்ளி விழும். எட்டு மணி நேர இருட்டு கொடுங்கள்.

விளக்கில் வளர்ப்பதென்றால் ரகமும் குட்டையாக இருக்க வேண்டும். புளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட மைக்ரோ டாம் ஒரு சாண் உயரத்திலேயே காய்க்கும். காய் கோலிக்குண்டு அளவுதான், குழம்புக்கு உதவாது, குழந்தைகளுக்குப் பறித்துத் தின்னப் பிடிக்கும். வெயில் விழும் பால்கனிக்கு நான் பரிந்துரைப்பது பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1. ஓரளவு உயரத்தில் தானே நின்றுவிடும். கொடிபோல் ஏறிக்கொண்டே போகும் கலப்பின ரகங்களைப் பால்கனிக்கு வாங்காதீர்கள்.

வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகும் பூ உதிர்கிறது என்று சிலர் வருவார்கள். வீட்டுக்குள் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. பூ அசைந்தால்தான் மகரந்தம் கொட்டும். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பல் துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைத்தால் இன்னும் நல்லது. மஞ்சள் பொடி பறப்பது கண்ணுக்கே தெரியும். இரவு வெப்பம் 24 பாகை செல்சியஸுக்கு மேல் நீடித்தால் காய்ப்பிடிப்பு குறையும். சென்னைக் கோடையில் அது எப்போதும் மேலேதான் இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் பூ உதிர்ந்தால் செடியைத் திட்டாதீர்கள், என்னையும் கூப்பிடாதீர்கள். அக்டோபர் முதல் வாரம் விதைத்தால் டிசம்பர் பாதியில் பூக்கும், அப்போது இரவும் குளிர்ந்திருக்கும்.

அந்த ஆசிரியையின் செடியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நுனியிலிருந்து ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பால்கனி நிழலில் வைத்தோம். தக்காளித் தண்டு எங்கே ஈரம் பட்டாலும் அங்கே வேர் விடும். நெட்டையாகிப்போன நாற்றைக்கூட, மேல் இலைகள் மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாகப் புதைத்து நட்டால் பிழைத்துக்கொள்ளும். உப்பேறிய பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்த புதுக்கலவையை 12 அங்குலப் பையில் நிரப்பி வைத்துவிட்டு வந்தேன். வேர் பிடித்ததும் எடுத்த எடுப்பில் வெயிலில் வைக்காதீர்கள் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். நிழலில் வளர்ந்த இலை ஒரே நாள் வெயிலில் காகிதம்போல் வெளுத்துவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று பத்து நாளில் பழக்க வேண்டும். நேற்று படம் அனுப்பியிருந்தார். தண்டின் அடியில் அரிசி நுனிபோல் வெள்ளை முளைகள் தெரிகின்றன. பின்னால் பால்கனி தெரிகிறது. துணி ஸ்டாண்டு அங்கே இல்லை.

கிழக்குப் பால்கனிகூட வாய்க்காதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எதிர்க் கட்டடம் பத்தடியில் நிற்கிறது. அவர்களைத் தக்காளி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பும்போது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் அதே கட்டடத்தின் உச்சியில் பத்து மணி நேர வெயில் யாருக்கும் பயன்படாமல் விழுந்துகொண்டிருக்கிறது. மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர்களே, உங்கள் கவலை எனக்குத் தெரியும். தளம் கசியும், பாரம் ஏறும், யார் கூட்டுவது என்பீர்கள். 12 அங்குலப் பை நனைந்த மண்ணோடு பதினைந்து, இருபது கிலோ. கைப்பிடிச் சுவரை ஒட்டி, செங்கல்மேல் வரிசையாக வைத்து, அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தளத்தில் தேங்காது. ஒரு வீட்டுக்கு இரண்டு பை என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு முதல் எட்டு மணி வரை மட்டும் சாவியைக் கொடுங்கள், போதும்.