டி.ஓ.ன்னா கண் டாக்டரும் இல்ல, ஹோமியோபதியும் இல்ல

போன மாசம் நைட் ஷிஃப்ட்ல இருக்கும்போது எமர்ஜென்சியில இருந்து போன் வந்துச்சு. ஊர்ல இருந்து மகனைப் பார்க்க மிச்சிகன் வந்திருக்கிற 67 வயசுப் பெரியவர், நெஞ்சை அழுத்துது, வேர்த்து ஊத்துது, ஈசிஜி பார்த்தா சந்தேகமே இல்லாம மாரடைப்பு. ஆனா இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கிற கேத் லேபுக்கு அப்பாவை அனுப்ப மகன் விடல. காரணம், டூட்டி டாக்டரோட பேட்ஜ்ல பேருக்குப் பின்னாடி டி.ஓ.ன்னு இருக்காம், "எங்களுக்கு எம்.டி. டாக்டர்தான் வேணும்"ங்கிறார். தமிழ் தெரியும்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் ஓடி வந்து பேசி ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள 25 நிமிஷம் போச்சு. மாரடைப்புல ஆஸ்பத்திரி வாசல்ல நுழைஞ்சதுல இருந்து அடைப்பைத் திறக்க 90 நிமிஷம்தான் எங்களுக்குக் கெடு, அதுல 25 நிமிஷம் ரெண்டு எழுத்துக்காகப் போச்சுன்னா எனக்கு எப்படி இருக்கும்? பெரியவர் பிழைச்சிட்டார். ஆனா இந்த வருஷத்துல இது மூணாவது குடும்பம், அதனாலதான் உட்கார்ந்து எழுதறேன்.

நம்ம ஆட்களுக்கு இந்தக் குழப்பம் எங்கிருந்து வருதுன்னு எனக்குப் புரியுது. ஊர்ல டி.ஓ.ன்னா கண் மருத்துவ டிப்ளமோ. எம்.டி.ன்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல படிக்கிற பட்டம். அதனால எம்.டி. பெரிய டாக்டர், டி.ஓ. ஏதோ டிப்ளமோ கேஸ்னு மனசுல பதிஞ்சு போச்சு. அமெரிக்காவுல கணக்கே வேற. இங்க எம்.டி.ங்கிறது முதல் மருத்துவப் பட்டம், நம்ம எம்.பி.பி.எஸ். இருக்கிற இடத்துல இருக்கு. டி.ஓ.வும், அதாவது டாக்டர் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசினும், அதே இடத்துலதான் இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு கிடையாது. ஸ்பெஷலிஸ்டா இல்லையான்னு முடிவு பண்றது அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டே பண்ற ரெசிடென்சிங்கிற பயிற்சி, அது 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் போகும். 2020ல இருந்து ரெண்டு பேருக்கும் ரெசிடென்சியை அங்கீகரிக்கிறது ஒரே அமைப்பு, ஒரே வார்டு, ஒரே நைட் டூட்டி. எனக்கு சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்ல மருந்து ஏத்தற குழாய், போடக் கத்துக்கொடுத்த சீனியர் ஒரு டி.ஓ.தான்.

அடுத்தது ஹோமியோபதி. ஆஸ்டியோபதி, ஹோமியோபதி, ரெண்டும் "பதி"ல முடியுது, அவ்வளவுதான் சொந்தம்! சர்க்கரை உருண்டை குடுக்கிறவங்க இல்ல இவங்க. மாத்திரை எழுதுவாங்க, ஆபரேஷன் பண்ணுவாங்க, பிரசவம் பார்ப்பாங்க. "ஆஸ்டியோ"ன்னு வர்றதால எலும்பு டாக்டரான்னு கேக்கறாங்க, அதுவும் இல்ல, அது ஆர்த்தோ. எங்க மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில எம்.டி. காலேஜும் இருக்கு, டி.ஓ. காலேஜும் இருக்கு. அமெரிக்க மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இப்ப டி.ஓ. படிக்கிறவர். பைடன் அதிபரா இருந்தப்ப அவரைப் பார்த்துக்கிட்ட வெள்ளை மாளிகை டாக்டரும் டி.ஓ.தான்.

அப்ப வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்னு ஒரு டாக்டர், 1864ல மூளைக்காய்ச்சல்ல தன் பிள்ளைங்க மூணு பேரைப் பறிகொடுத்தவர், அந்தக் கால மருந்துகள் மேல நம்பிக்கை போய் உடம்போட எலும்பு தசை அமைப்பைச் சரி பண்ணினா நோய் போகும்னு நம்பி 1892ல மிசோரில கிர்க்ஸ்வில்ல முதல் காலேஜ் ஆரம்பிச்சார். அதோட மிச்சமா இன்னைக்கும் டி.ஓ. ஸ்டூடண்ட்ஸ் கையால அழுத்தி நீவி மூட்டைச் சரி பண்ற பயிற்சி சுமார் 200 மணி நேரம் கூடுதலா படிக்கிறாங்க. பெரும்பாலானவங்க பிறகு அதைத் தொடறதே இல்லைங்கிறது வேற விஷயம். முதுகுவலிக்குக் கொஞ்சம் உதவும், மண்டையோட்டை மெல்ல அழுத்தி எல்லாத்தையும் குணமாக்கறதுங்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு உருப்படியான ஆதாரம் இல்ல. டி.ஓ. காலேஜ்ல சேர்றவங்களோட நுழைவுத் தேர்வு மார்க் சராசரி கொஞ்சம் கம்மிதான், அதையும் மறைக்கல. ஆனா 65 வயசு தாண்டின ஆஸ்பத்திரி நோயாளிகளை வெச்சு 2023ல வந்த பெரிய ஆய்வுல 30 நாள் இறப்பு எம்.டி.கிட்ட 9.4 சதவீதம், டி.ஓ.கிட்ட 9.5. இதுக்கா சண்டை போடறீங்க?

இன்னொண்ணு, இதை நல்லா கவனிங்க. இதெல்லாம் அமெரிக்கால படிச்ச டி.ஓ.க்கு மட்டும்தான். லண்டன்லயோ ஆஸ்திரேலியாவுலயோ "ஆஸ்டியோபாத்"னு போர்டு இருந்தா அவங்க மெடிக்கல் டாக்டர் இல்ல. பதிவு பண்ணின தொழில்தான், முதுகுவலிக்குப் போங்க, ஆனா நெஞ்சுவலிக்கோ காய்ச்சலுக்கோ அங்க போய் நிக்காதீங்க.

யார்கிட்ட போனாலும் ரெண்டு விஷயம் பாருங்க, ஸ்டேட் லைசென்ஸ் நடப்புல இருக்கா, எந்தத் துறையில போர்டு சர்ட்டிஃபைடு, அதாவது அந்தத் துறைத் தேர்வுல தேறி சான்றிதழ் வாங்கினவர்னு. ரெண்டையும் ஆன்லைன்ல அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம். கழுத்தை வெடுக்குனு திருப்பற சிகிச்சை பண்ணப் போறாங்கன்னா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறதையும், எலும்பு தேய்மானம் இருக்கறதையும் முதல்லயே சொல்லிடுங்க. பிடிக்கலன்னா வேணாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா அவங்க சாப்பிடற மாத்திரை லிஸ்ட்டை வாங்கி வெச்சுக்கோங்க, டி.ஓ.ன்னா என்னன்னு போன்லயே அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைங்க. எமர்ஜென்சியில வந்து நிக்கிற டாக்டரோட பேட்ஜைப் படிச்சுக்கிட்டு நிக்காம அவர் கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லுங்க, தயவுசெஞ்சு.