ஆஸ்பத்திரி வோட்டில் ஆய்வுப் படிவம் நீட்டினால்

அப்பாவுக்கு நெஞ்சுக்குத்து. 1990 என்ற இலக்கத்தை அழைத்து, அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, ஈசிஜி எடுத்து, மருந்தும் தொடங்கியாயிற்று. அப்போது ஒருவர் வந்து, "ஒரு ஆய்வு செய்யிறம், சேர விருப்பமோ?" என்று தாளை நீட்டுகிறார். டொக்டர்மார் கேட்டால் மறுக்கலாமோ என்று வாசிக்காமலே ஒப்பமிடுபவர்கள் உண்டு. "எங்களை வைச்சுப் பரிசோதிக்கப் பாக்கினம்" என்று தாளைத் தொடாதவர்களும் உண்டு.

சிகிச்சை வேறு, ஆய்வு வேறு. அரச வைத்தியசாலையின் இலவசச் சிகிச்சை உங்களுக்கு உரியது; ஆய்வில் சேராவிட்டால் அதில் எதுவும் குறையக்கூடாது. சேர்ந்தபின் மனம் மாறினாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விளக்கத் தாள் உங்களுக்கு விளங்கும் மொழியில், அதாவது இங்கே தமிழில், இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத ஆச்சி என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். அவரும் சாட்சியாக ஒப்பமிடுவார். ஆய்வினால் தீங்கு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள்.

அந்தத் தாள் வோட்டுக்கு வருமுன்பே, சேர்பவர்களுக்கு ஆய்வு நியாயமானதா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் ஓர் ஒழுக்கநெறிக் குழு அனுமதி தந்திருக்க வேண்டும். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் அப்படியொரு குழு இருக்கிறது. புதிய மருந்தென்றால் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். 2006 முதல் இலங்கை மருத்துவச் சங்கம் ஆய்வுப் பதிவேடு ஒன்றை இணையத்தில் நடத்துகிறது. அது ஆங்கிலத்தில்தான். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் உங்களிடம் கேட்ட ஆய்வு அதில் இருக்கிறதா என்று கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்க்கும்.

மாரடைப்பில் ஒரு சிக்கல் உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கிடப்பவர் பக்கம் பக்கமாக வாசிக்க முடியாது. அதனால் சில ஆய்வுகளுக்கு, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு, முதலில் சிகிச்சை, பிறகு சம்மதம் என்ற முறை உண்டு. 2014 இல் வெளிவந்த லிவர்பூல் ஆய்வொன்றில் ஏறத்தாழ 1800 நோயாளரிடம் அப்படித்தான் பிறகு கேட்டார்கள். பிறகு கேட்டாலும் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அப்படியே இருக்கிறது.

அப்படியானால் ஏன்தான் சேர வேண்டும்? அஸ்பிரினை எடுங்கள். 1988 இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் சேர்ந்தார்கள். அஸ்பிரினும் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேசும் இல்லாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தோர் 100க்கு 13 பேர். இரண்டும் பெற்றவர்களில் 8 பேர். இன்று வோட்டில் கேள்வியில்லாமல் தரும் அஸ்பிரினுக்குப் பின்னால் அந்தச் சம்மதங்கள் இருக்கின்றன.

அதே ஆய்வில் ஒரு வேடிக்கை. நோயாளரைப் பிறந்த இராசிப்படி பிரித்துப் பார்த்தபோது, மிதுனத்துக்கும் துலாத்துக்கும் அஸ்பிரின் வேலை செய்யவில்லை என்று வந்தது! எங்கள் ஊர்ச் சாத்திரிமார் மகிழ வேண்டாம். ஆட்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்தால் தற்செயலும் உண்மை மாதிரித் தெரியும் என்று காட்டவே ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். பெண்கள் கொஞ்சப் பேரையும் முதியவர் கொஞ்சப் பேரையும் சேர்த்துவிட்டு, மருந்து அவர்களுக்கும் சரியா என்று கடைசியில் பிரித்துப் பார்த்தாலும் இதே கதைதான். போதுமானவர்கள் முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டும். பழைய ஆய்வுகள் பல 75 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்கவே இல்லை. எங்களுக்கோ வருத்தம் முந்தியே வருகிறது: இலங்கையும் இடம்பெற்ற இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு 58.8. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து தரைவழியே வருபவர், "இத்தனை மணித்தியாலத்துக்குள் வந்தவர் மட்டும்" என்ற ஒரு விதியாலேயே ஆய்வுக்கு வெளியே நின்றுவிடலாம்.

ஆகவே, "எங்களைப் போன்றவர்கள் இதில் எத்தனை பேர்? பெண்களை எடுக்கிறீர்களா? வயது வரம்பு என்ன?" என்று தாளோடு வருபவரிடம் கேளுங்கள். இது வம்புக் கேள்வி அல்ல. சேர்ந்தால் ஒப்பமிட்ட படிவத்தின் பிரதியொன்றை வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். முறைப்பாடு இருந்தால் அழைக்க வேண்டிய ஒழுக்கநெறிக் குழுவின் இலக்கம் அந்தத் தாள்களில்தான் இருக்கும்.