பிரமிடின் சாய்தளம் எங்கே போனது?

எகிப்தின் கீசாவில் இருக்கும் மன்னன் கூஃபுவின் பெரிய பிரமிடைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டு எண்களில்தான் ஆரம்பிப்பார்கள். சுமார் 23 லட்சம் கற்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 2.5 டன். கட்டி முடிக்க 20 ஆண்டு என்று வைத்து வகுத்தால் நாளொன்றுக்கு 315 கல், பத்து மணி நேர வேலை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். இந்தக் கணக்கில் மலைத்துப்போய்தான் சிலர் நேராக வேற்றுக்கிரகவாசிகளிடம் போய்விடுகிறார்கள். வேற்றுக்கிரகவாசிகளுக்கு ரொட்டி சுடும் அடுப்பு தேவைப்பட்டிருக்காது, எலும்பு முறிந்து கட்டுப்போட்டுக் குணமான கையும் இருந்திருக்காது. கீசாவில் தொழிலாளர் குடியிருப்பையும் இடுகாட்டையும் தோண்டியபோது இரண்டுமே கிடைத்தன. வேற்றுக்கிரகவாசிகளை விட்டுவிடலாம்.

அந்த 315 என்ற எண்ணே கொஞ்சம் ஏமாற்று. பிரமிட் மேலே போகப்போகச் சுருங்கும் உருவம். முழு உயரம் 146 மீட்டர். அதில் முதல் 49 மீட்டருக்குள், அதாவது கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குள், மொத்தக் கல்லில் 70 சதவீதம் அடங்கிவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு உயரம் வந்தால் 96 சதவீதம் முடிந்துவிடும். உச்சியை நோக்கிப் போகும்போது கற்களும் பொதுவாகச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஆக, வேலையின் பெரும்பகுதி தரையிலோ தரைக்குப் பக்கத்திலோ நடந்தது. நான்கு பக்கமும் இடம் இருக்கும்போது ஒரே நேரத்தில் பல வழியாகக் கல் ஏற்றலாம். 'எப்படி இவ்வளவு உயரத்துக்குத் தூக்கினார்கள்' என்று நாம் கேட்பது பெரும்பாலும் கடைசிச் சில சதவீதக் கற்களைப் பற்றித்தான்.

சரி, ஒரு கல்லை நகர்த்த எத்தனை பேர் வேண்டும்? தெயிர் எல் பெர்ஷாவில் ஜெஹுட்டிஹோட்டெப் என்ற மாகாண அதிகாரியின் கல்லறையில் ஒரு ஓவியம் இருந்தது. கூஃபுவுக்கு ஆறேழு நூற்றாண்டு பிந்தியது. மரச் சறுக்குவண்டியில் கட்டப்பட்ட பிரம்மாண்டமான சிலையை 172 பேர் கயிறு போட்டு இழுக்கிறார்கள். வண்டியின் முன்நுனியில் நிற்கும் ஓர் ஆள் தரையில் தண்ணீர் ஊற்றுகிறான். இதை வெகுகாலம் ஏதோ சடங்கு என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதனைச்சாலையில் மணல் தட்டில் சின்ன வண்டியை இழுத்துப் பார்த்தார்கள். உலர்ந்த மணல் வண்டிக்கு முன்னால் குவிந்து வழிமறிக்கிறது. அளவாக நனைத்தால் மணல் துகள்களுக்கு நடுவே நீர் பாலம்போல் பிடித்துக்கொண்டு தரை இறுகிவிடுகிறது. இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தண்ணீர் கூடிப்போனால் மறுபடியும் இழுக்கக் கஷ்டம். அந்த ஆள் சும்மா ஊற்றவில்லை, அளவு தெரிந்து ஊற்றியிருக்கிறான்.

இப்போது நாமே கணக்குப் போடலாம். நனைத்த பாதையில் உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை பங்கு விசையால் இழுக்க வேண்டும் என்ற எண்) 0.3 என்றால், 2.5 டன் கல்லைச் சமதரையில் இழுக்க 750 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் இன்னும் 250 சேரும். மொத்தம் 1,000. ஓர் ஆள் 40 கிலோ அளவுக்கு இழுப்பான் என்று கொண்டால் 25 பேர் போதும். இதில் மர்மம் எதுவும் இல்லை.

கல் எங்கிருந்து வந்தது என்பதிலும் இப்போது பெரிய சண்டை கிடையாது. உள்ளே நிரப்பிய சுண்ணாம்புக்கல், பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் குவாரியிலிருந்து வந்தது. வெளியே போர்த்திய வெள்ளைக்கல், நைலின் கிழக்குக் கரையில் உள்ள தூராவிலிருந்து. இதற்கு எழுத்துச் சான்றே உண்டு. செங்கடல் கரையில் வாடி அல் ஜார்ஃப் என்ற இடத்தில் 2013-ல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே குழுவினர் பப்பைரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று மேரர் என்ற மேற்பார்வையாளரின் தினக்குறிப்பு. சுமார் 40 பேர் கொண்ட படகுக் குழு. இன்று தூராவில் கல் ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம், எப்போது கீசா போய்ச் சேர்ந்தோம் என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறார். பத்து நாளில் இரண்டு மூன்று முறை போய்வந்திருக்கிறார்கள். கூஃபுவின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் அன்க்ஹாஃப் மேலதிகாரியாகக் குறிப்பில் வருகிறான். லாரிக்காரரின் டிரிப் ஷீட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அவ்வளவு வறட்சியான எழுத்து. அதனால்தான் எனக்கு இது நம்பகமாகப் படுகிறது. ஆனால் கரையில் இறக்கிய கல் எப்படி மேலே போனது என்று மேரர் ஒரு வரி எழுதவில்லை. அது அவர் வேலை இல்லையே.

சண்டை அங்கேதான் தொடங்குகிறது. நேரான ஒரே சாய்தளம் என்றால் உச்சியைத் தொட அது ஒன்றரை கிலோமீட்டர் நீள வேண்டும். அதைக் கட்ட ஆகும் பொருள் பிரமிடோடு போட்டிபோடும். பிரமிடைச் சுற்றிச் சுற்றி ஏறும் வெளிப்பாதை என்றால் பொருள் குறையும். ஆனால் நான்கு மூலைகளையும் அது மறைத்துவிடும், விளிம்பு நேராகப் போகிறதா என்று பார்க்கவே முடியாது. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ழான் பியர் ஊடான் 2007-ல் வேறொன்று சொன்னார்: பாதை வெளியே இல்லை, சுவருக்கு உள்ளேயே சுழன்று ஏறுகிறது. அழகான யோசனை. கணினியில் செய்து காட்டியபோது கச்சிதமாகவும் இருந்தது. கணினியில் எதுவும் கச்சிதமாகத்தான் இருக்கும்.

ஊடானின் யோசனையில் உள்ள நல்ல குணம், சோதித்துப் பார்க்க முடியும் என்பது. விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறந்து ஓயாமல் கீழே பொழிகின்றன. தடித்த கல் அவற்றில் பலவற்றை நிறுத்திவிடும். வழியில் வெற்றிடம் இருந்தால் அந்தத் திசையிலிருந்து கூடுதலாக வந்து சேரும். பிரமிடுக்குள் தகடுகளை வைத்து மாதக்கணக்கில் எண்ணியதில், உள்ளே ராஜாவின் அறைக்கு ஏறிப்போகும் பெரிய நடைக்கூடத்துக்கு மேலே குறைந்தது 30 மீட்டர் நீள வெற்றிடம் ஒன்று 2017-ல் தெரிந்தது. வடக்கு முகத்தில் 9 மீட்டர் நீளத் தாழ்வாரம் ஒன்றை 2023-ல் உறுதிசெய்து உள்ளே கேமராவும் விட்டார்கள். ஊடானின் சுழல்பாதை மட்டும் தென்படவில்லை.

கல்லே இல்லை, கான்கிரீட் மாதிரி வார்த்தது என்றார் வேதியியலாளர் ஜோசஃப் டேவிடோவிட்ஸ். அப்படியானால் பக்கத்துக் குவாரியில் இருக்கும் உளித்தடம் எதற்கு?

2018-ல் ஹட்நுப் என்ற பழைய அலபாஸ்டர் குவாரியில் கூஃபு காலத்துச் சாய்தளம் ஒன்று வெளிப்பட்டது. 20 சதவீதத்துக்கும் அதிகமான சரிவு. இருபுறமும் படிக்கட்டு, படிக்கட்டோரம் கம்பம் நட்ட குழிகள். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, ஒரு கூட்டம் மேலிருந்தும் இன்னொரு கூட்டம் கீழிருந்தும் இழுத்திருக்கலாம் என்கிறார்கள். கம்பம் உருளும் கப்பி அல்ல, விசையைப் பெருக்காது. ஆனால் இழுக்கும் திசையை மாற்றித் தரும், ஆட்கள் மூச்சு வாங்கும்போது கல் பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு செங்குத்தாக ஏற்ற முடியும் என்றால் சாய்தளத்தின் நீளம் பாதியாகிவிடுகிறது, ஒன்றரை கிலோமீட்டர் என்ற பூதமும் சுருங்குகிறது. என் கணிப்பில் கீழ்ப்பகுதிக்குத் தெற்குக் குவாரியிலிருந்து நேர்ச்சாய்தளம், அதற்கு மேல் பிரமிடின் உடம்பை ஒட்டிய பாதை, உச்சியில் நெம்புகோல் என்று மாறிமாறிச் செய்திருப்பார்கள். உண்மையிலேயே கஷ்டமான இடம், மன்னனின் கல் பேழை இருக்கும் ராஜாவின் அறைதான். தரையிலிருந்து 43 மீட்டர் உயரத்தில் அதன் தளம். அதற்கும் மேலே, அஸ்வானிலிருந்து ஆற்றுவழியாக வந்த 50 டன்னுக்கும் மேலான கிரானைட் உத்தரங்கள். அவற்றுக்கு 25 பேர் கணக்கு செல்லாது, பல நூறு பேரும் அவர்கள் நிற்க அகலமான பாதையும் வேண்டும்.

அத்தனை பெரிய சாய்தளம் இருந்திருந்தால் எங்கே போனது என்று எதிர்த்தரப்பு கேட்பது நியாயம்தான். அபிடோஸுக்குத் தெற்கே சின்கி என்ற சிறிய படிப்பிரமிடில் சாய்தள எச்சம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீசாவில் அப்படி ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் அங்கே குவாரிப் பள்ளங்களைத் தோண்டியபோது உள்ளே நிரம்பிக் கிடந்தது சுண்ணாம்புக்கல் சில்லு, ஜிப்சம், தஃப்லா என்ற களிமண். பாதை போட ஏற்ற சரக்கு இதுவே. வேலை முடிந்ததும் பாதையை உடைத்து, கல் வெட்டிய குழியிலேயே கொட்டியிருக்கிறார்கள் என்பது தொல்லியலாளர் மார்க் லேனரின் வாதம்.