குண்டூசி இருக்க வேண்டிய இடம் வாய் அல்ல

தையல் வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் கவனிப்பது, அவர்கள் குண்டூசியை எங்கே வைக்கிறார்கள் என்பதைத்தான். பெரும்பாலோர் உதடுகளுக்கிடையே கவ்விக்கொள்கிறார்கள். சிலர் நூல் கோத்த ஊசியைப் புடவையின் தோளில் குத்திவிட்டு, அதை மறந்து, குழந்தையைத் தூக்கப் போய்விடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வாயில் ஊசிகளை வைத்தபடியே தும்மி, ஒன்றை விழுங்கிவிட்டார். அது தானாகவே வெளியேறியது. மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் குழாய்க் கருவியைச் செலுத்தி எடுக்க வேண்டியிருந்திருக்கும். அதிலிருந்து என் வகுப்பில் முதல் பாடம் ரவிக்கை அல்ல. வெட்டு மேசையின் அடியில் சேரும் துண்டுத் துணிகளைக் கொண்டு ஊசித் திண்டு தைப்பதுதான்.

துண்டுத் துணியைக் கையால் அள்ளுவதற்கு முன் ஒரு காந்தத்தை, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதாக இருந்தாலும் போதும், குவியலின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். உடைந்த மிஷின் ஊசியின் முனையும் வளைந்த குண்டூசியும் அதில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால், இந்த வேலையை ஏன் முதலில் சொல்கிறேன் என்பது புரியும்.

திண்டின் உயரம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சாதாரணக் குண்டூசியே ஓர் அங்குல நீளம் இருப்பதால், தட்டையான திண்டில் அதன் முனை அடிப்பக்கம் எட்டிப் பார்க்கும். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் திண்டாக இருந்தால், தடித்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வட்டமாக வெட்டி அடியில் வைத்துத் தைப்பது கட்டாயம். உள்ளே அடைக்கும் துணியை அரை அங்குலத்துக்கும் சிறிதாக நறுக்கி, இனி இடமில்லை என்று தோன்றிய பிறகும் இரண்டு கைப்பிடி திணிக்க வேண்டும். அரிசியை அடைத்தால் சில மாதங்களில் பூச்சி வரும். பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊசிகளைத் திண்டிலேயே விட்டுவைத்தால் துருப்பிடிக்கும்; அந்த மாதங்களில் அவற்றை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுகிறேன்.

அடுத்து நான் செய்யச் சொல்வது, தைத்த துணியின் வளைவான இடங்களை மேலே வைத்துத் தேய்ப்பதற்கான இஸ்திரித் திண்டு. ரவிக்கையில் டாட் பிடித்த, அதாவது உடல் வளைவுக்காகத் துணியைக் கூம்பாக மடித்துத் தைத்த, இடத்தைத் தட்டையான மேசையில் வைத்துத் தேய்த்தால், அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த குவிவு அமுங்கி, முனையில் கூர்மையாக ஒரு மடிப்பு நிற்கும். பதினான்கு அங்குல நீளமும் பத்து அங்குல அகலமும் கொண்ட முட்டை வடிவத்தில் இரட்டைக் காடாத் துணியை வெட்டி, இருமுறை தையல் போட்டு, வெயிலில் காய்ந்து சலித்த மரத்தூளைக் கல்போல இறுக அடைக்க வேண்டும். துண்டுத் துணியை மட்டும் அடைத்தால் மேடுபள்ளம் விழுந்து, அந்தத் தடம் ரவிக்கையின் மேல் பதியும். ஆகவே இதில் துண்டுத் துணிக்கு உறையின் மேல் ஒட்டுப்போடும் வேலை மட்டுமே உண்டு.

அந்த ஒட்டு பருத்தியாக இருக்கிறதா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இஸ்திரிப் பெட்டியில் பருத்திக்கான சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டித்தான் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிப் பளபளக்கத் தொடங்கிவிடும். பருத்தி என்று விற்கப்படும் லைனிங் துணியிலும் கலப்பு இருப்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறிய பின் கடினமான மணியாக நிற்கும். சாம்பலுக்குள் சிறு மணிகள் தட்டுப்பட்டால் அது கலப்புத் துணி. அதை இஸ்திரித் திண்டின் பக்கமே கொண்டுபோகாமல், நறுக்கி ஊசித் திண்டுக்குள் அடைத்துவிடலாம்.