துளையிட்ட தண்டா, குழிக்காலா?

சிகாகோ கட்டடங்களைப் பற்றிய ஒரு தமிழ்க் காணொலியில் மறுபடியும் காதில் விழுந்தது: ‘துளையிடப்பட்ட தண்டு அடித்தளம்’. இந்த மாதத்தில் மூன்றாவது முறை. துளையிட்ட தண்டு என்றால் எனக்குப் புல்லாங்குழல்தான் நினைவுக்கு வருகிறது. அதன்மேல் யார் மாடி கட்டுவார்கள்?

மூலச் சொல் ‘டிரில்டு ஷாஃப்ட்’: மண்ணில் ஆழமாகக் குழி துளைத்து, அதில் கான்கிரீட் வார்த்து எழுப்பும் அடித்தளத் தூண். ‘ஷாஃப்ட்’ முதலில் ஈட்டிக் காம்பு, பிறகு எந்திரத்தில் சுழலும் தண்டு. சுரங்கக்காரர் வாயில் அதுவே செங்குத்தாக இறங்கும் குழி. ஜெர்மன் மொழியில் காம்பு ‘ஷாஃப்ட்’, குழி ‘ஷாக்ட்’ என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டது. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிட்டார். துளைப்பது மண்ணை ஐயா, தண்டை அல்ல!

இந்த அடித்தள வேலை தொடங்கிய கதையைப் பார்த்திருந்தாலே போதும். 1893-94இல் கட்டடக் கலைஞர்கள் அட்லரும் சல்லிவனும் சிகாகோ பங்குச் சந்தைக்கு 13 மாடிக் கட்டடம் கட்டினார்கள். அடித்தளத்துக்கு மர முளைகளை அடித்து இறக்கினார்கள். மேற்குப் பக்கம் மட்டும் சிக்கல். ஒட்டினாற்போல் ஒரு செய்தித்தாள் அச்சகம் இருந்தது. அடிக்கிற அதிர்வில் அச்சு எந்திரங்கள் கெட்டுவிடும். வில்லியம் சூய் ஸ்மித் என்ற பொறியாளர் யோசனைப்படி அந்தச் சுவருக்கு மட்டும் ஆட்கள் இறங்கித் தோண்டினார்கள். நாலைந்து அடி களிமண்ணை வெட்டுவது, சுற்றிலும் பலகை நிறுத்துவது, உள்ளே இரும்பு வளையம் வைத்து இறுக்குவது, மறுபடி வெட்டுவது. கெட்டி மண் தட்டியதும் குழி நிறையக் கான்கிரீட். கிணறு வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. பின்னாளில் ஆளுக்குப் பதில் துளைபோடும் எந்திரம் வந்தது, அவ்வளவுதான்.

சிகாகோக்காரர்கள் இதைக் ‘கெய்சன்’ என்றார்கள். பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றால் பெட்டி. அதிலிருந்து வந்த சொல். 1883இல் திறந்த நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் இறக்கியது நிஜமான பெட்டி, உள்ளே அழுத்தக் காற்று. சிகாகோ குழியில் பெட்டியும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே ‘பேழை’ என்று சிலர் எழுதுவதும் சரியில்லை. அவர்கள் ஊர்ப் பிழையை நாம் எதற்கு இறக்குமதி செய்வது?

தனித்தமிழ் அன்பர்கள் ‘துளைமுளை’ என்கிறார்கள். காதுக்கு எதுகை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முளை என்பது அடிப்பது. மாடு கட்ட அடிக்கிறோமே, அதுதான். அடித்து இறக்கும் பைலுக்கு முளை கச்சிதமான சொல். அடிக்கவே கூடாது என்று பிறந்த முறைக்கு அதே பெயரை வைத்தால், ஒரே கட்டடத்தின் மேற்குச் சுவருக்கும் மற்றச் சுவர்களுக்கும் வேறுபாடு சொல்ல முடியாமல் போகும்.

நான் ‘குழிக்கால்’ என்பேன். கால் என்றால் தூண்: ஆயிரங்கால் மண்டபம். அடித்தளத்துக்கே கடைக்கால் என்று பெயர் உண்டு. பந்தக்காலைக் குழி தோண்டித்தான் நடுகிறோம். இங்கே நடுவதற்குப் பதில் வார்க்கிறோம்; அந்த வார்ப்பு என் சொல்லில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ‘இடப்பட்ட’, ‘செய்யப்பட்ட’ என்று வால் நீளும் பெயர்களை விட இது எவ்வளவோ மேல். அந்தப் ‘பட்ட’ இல்லாமல் இப்போது யாருக்கும் எழுத வருவதில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

பக்கத்துத் தெருவில் பைல் போடும் மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன். “குழிக்கால் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நாங்க பைல்னுதான் சொல்லுவோம்” என்றார். சரி, பைல் என்றே இருக்கட்டும். ‘தண்டு’ என்றால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். “கீரைத்தண்டு” என்றார்.