‘பார்க் த பஸ்’: கோல் முன்னால் நின்ற பஸ்ஸுக்குத் தமிழில் என்ன பெயர்?

2024 ஜனவரி 13. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை மாலை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கத்தாரில் ஆசியக் கோப்பைப் போட்டி, இந்தியாவுக்கு எதிரில் ஆஸ்திரேலியா. உலகத் தரவரிசையில் அவர்கள் 25, நாம் 102. இடைவேளை வரை கோல் எதுவும் விழவில்லை. அக்கா மகன் பூரித்துப்போய், “மாமா, நம்மாளுங்க பஸ்ஸை நல்லா நிறுத்தியிருக்காங்க” என்றான். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “எந்த பஸ்ஸுடா?” என்று கேட்டார். விளக்கம் சொல்லிவிட்டேன். ஆனால் ‘இதற்குத் தமிழில் இதுதான் சொல்’ என்று எடுத்து நீட்ட ஒரு சொல் என்னிடம் இல்லை. அன்றிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பொருள். ஓர் அணி ஏறக்குறைய மொத்தமாகத் தன் கோல் பக்கமே இறங்கி நின்று, கோல் போடும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, எதிராளி கோல் போடாமல் பார்த்துக்கொள்வதையே முழுநேர வேலையாக ஆடினால் அதுதான் ‘பார்க் த பஸ்’. கோல் முன்னால் ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டால் பந்து எப்படி உள்ளே போகும்?

சொல்லும்போது சோம்பேறித்தனம் போலத் தோன்றும். மைதானத்தில் அது கடும் உழைப்பு. வழக்கமாகப் பின்களத்தில் நால்வர், அவர்களுக்குச் சில கெஜம் முன்னால் நால்வர் என்று இரண்டு வரிசை. இந்த இரண்டுக்கும் நடுவே எதிரணியின் கெட்டிக்காரன் ஒருவன் பந்தை வாங்கித் திரும்ப இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று ஒட்டியே நகர வேண்டும். பந்து இடப்பக்கம் போனால் பத்துப் பேரும் இடப்பக்கம் சரிய வேண்டும், திரும்பி வந்தால் ஒரே கயிற்றில் கட்டியது போலத் திரும்ப வேண்டும். நடு வழியை அடைத்து ஓரத்தைத் திறந்துவிடுவார்கள். எதிராளி வேறு வழியின்றி ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடுவான், உயரமான பின்கள வீரர்கள் தலையால் முட்டி வெளியே தள்ளுவார்கள். இதையே தொண்ணூறு நிமிடம் செய்ய வேண்டும். ஒருவனுக்கு ஒரு நொடி கவனம் தப்பினால் போதும், அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண்.

இந்தச் சொல் பரவிய நாளைத் துல்லியமாகவே காட்டலாம். 2004 செப்டம்பர் 19, லண்டன், ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம். செல்சி அணிக்கு அப்போதுதான் பயிற்சியாளராக வந்திருந்தார் போர்த்துகீசியரான ஜோசே மொரின்யோ. டாட்டன்ஹாம் அணி வந்து கடைசிவரை தடுத்தே ஆடி, 0-0 என்று சமன் செய்துவிட்டுப் போனது. கடுப்பான மொரின்யோ, எங்கள் போர்த்துகலில் சொல்வது போல, அவர்கள் பஸ்ஸைக் கொண்டுவந்து கோல் முன்னால் விட்டுவிட்டார்கள் என்றார். போர்த்துகலில் பஸ்ஸை ‘அவுதுகாரு’ என்பார்கள். அவர் சொன்னது ‘விட்டுவிட்டார்கள்’ என்றுதான். ஆங்கிலப் பத்திரிகைகளும் ரசிகர்களும் அதைப் பிடித்துக்கொண்டபோது ‘நிறுத்தினார்கள்’ ஆயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆண்டு ஜூலை 4 அன்று லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி நடந்தது. யாரும் பொருட்படுத்தாத கிரீஸ் அணி, ஜெர்மானியப் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகலின் கீழ் இறுக்கமாகத் தடுத்து ஆடி, ஒரு கார்னரிலிருந்து கரிஸ்தேயாஸ் தலையால் முட்டிய ஒரே கோலில் போர்த்துகலை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தியது. மொரின்யோ பஸ்ஸைப் பற்றிப் பேசியது அதற்கு இரண்டரை மாதம் கழித்து. போர்த்துகல்காரர்களுக்கு அந்த வலி ஆறியிருக்காத நேரம்.

பிறகு அந்தச் சொல் சொன்னவரையே வந்து ஒட்டிக்கொண்டது. 2010 ஏப்ரல், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. மொரின்யோ இப்போது இன்டர் மிலான் பயிற்சியாளர், எதிரில் பார்சிலோனா. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோக, பார்சிலோனா வீரர்கள் மிலானுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நிஜ பஸ்ஸிலேயே வந்தார்கள். அங்கே 3-1 என்று தோற்றார்கள். ஏப்ரல் 28 அன்று பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் மறு ஆட்டம். 28ஆவது நிமிடத்திலேயே தியாகோ மொத்தாவுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்துப் பேரோடு இன்டர் கோல் முன்னால் கூடி நின்றது. கோல் அடிப்பதற்கென்றே பிறந்த சாமுவேல் எட்டோ அன்று ஓரப் பின்கள வீரனைப் போல ஓடி ஓடித் தடுத்தார். 84ஆவது நிமிடத்தில் பிக்கே ஒரு கோல் போட்டார், அதற்கு மேல் பார்சிலோனாவால் முடியவில்லை. 0-1 என்று தோற்றும், இரண்டு ஆட்டத்தையும் கூட்டிய கணக்கில் 3-2 என்று இன்டர் இறுதிக்குப் போயிற்று. தோற்ற அணியின் பயிற்சியாளர் கையை உயர்த்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார், புல்லுக்கு நீர் பாய்ச்சும் குழாய்களைத் திறந்துவிட்டார்கள். பஸ்ஸை நிறுத்தினீர்களே என்று கேட்டவர்களுக்கு, பஸ் இல்லை, விமானத்தையே நிறுத்தினோம் என்று மொரின்யோ பதில் சொன்னார். 2014 ஏப்ரலில் அவருடைய செல்சியிடம் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்ற லிவர்பூல் பயிற்சியாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸ், இன்று இரண்டு பஸ் நின்றது என்றார்.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். சொல்லைப் பரப்பியவர் தடுத்தவர் அல்லர், உடைக்க முடியாமல் போனவர். பரவியபோதே அது ஒரு புகார். எதிரே நின்றவன் பட்ட பாடு அதற்குள் துளியும் இல்லை.

இதற்கு முந்தைய சொற்கள் அப்படி இல்லை. 1930களில் சுவிட்சர்லாந்தில் கார்ல் ராப்பன் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர், வலிமை குறைந்த தன் அணியை வைத்துக்கொண்டு பெரிய அணிகளைச் சமாளிக்க ஒரு தடுப்பு முறையை வகுத்தார். அதற்குப் பெயர் ‘வெரூ’. பிரெஞ்சில் தாழ்ப்பாள். அதே முறையில் ஆடிய சுவிஸ் நாட்டு அணி 1938 உலகக் கோப்பையில் ஜெர்மனியை 4-2 என்று தோற்கடித்து வெளியே அனுப்பியது. இத்தாலியில் அதே கருத்து ‘கத்தேனாச்சோ’ ஆயிற்று. அதுவும் தாழ்ப்பாள்தான். தடுப்பு வரிசைக்கும் பின்னால், யாரையும் குறிப்பாகக் காவல் காக்காமல், தப்பி வரும் பந்தையெல்லாம் துடைத்தெடுக்க ஒருவன் நிற்பான். அவன்தான் ‘லிபெரோ’, கட்டில்லாதவன். நெரெயோ ரோக்கோ, எலேனியோ எரேரா ஆகியோர் இந்த முறையில் மிலான் நகரின் இரண்டு அணிகளுக்கும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பையின் 1967 இறுதிப் போட்டியில், அதே லிஸ்பனில், எரேராவின் இன்டர் ஏழாவது நிமிடத்திலேயே பெனால்டியில் ஒரு கோல் போட்டுவிட்டுத் தாழிட்டுக்கொண்டது. ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி விடாமல் கதவை இடித்து 2-1 என்று வென்றது. தாழ்ப்பாள் வீட்டுக்காரன் பார்வையிலிருந்து வந்த சொல். பஸ் தெருவில் நின்று ஹாரன் அடிப்பவன் பார்வையிலிருந்து வந்தது.

சரி, ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்? 2014 உலகக் கோப்பையில் ஈரானைப் பாருங்கள். கார்லோஸ் கெய்ரோஸ் பயிற்சியில் நைஜீரியாவோடு முதல் ஆட்டம், 0-0. பார்க்க வந்தவர்கள் ஊளையிட்டார்கள். ஐந்து நாள் கழித்து பெலோ ஒரிசாந்தேயில் அர்ஜென்டினா. அதே அணி, அதே தடுப்பு. இடையிடையே பாய்ந்துபோய் அர்ஜென்டினா கோல்கீப்பரையும் சோதித்தார்கள். தொண்ணூறு நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டு, கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் மெஸ்ஸி இடது காலால் வளைத்து அடித்த பந்தில் 0-1 என்று தோற்றார்கள். அன்றிரவு ஈரானியர்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள். சமன் செய்த ஆட்டத்துக்கு ஊளை, தோற்ற ஆட்டத்துக்குக் கொண்டாட்டம்!

நம் கதையும் அப்படித்தான். அன்று ஆஸ்திரேலியாவோடு தொடக்கத்திலேயே நம் கேப்டன் சேத்ரி தலையால் முட்டிய ஒரு பந்து கோலுக்கு வெளியே போனது. அது மட்டும் உள்ளே போயிருந்தால்! 50ஆவது நிமிடத்தில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் தட்டிவிட்ட பந்து ஜாக்சன் இர்வினின் காலுக்குப் போய் கோலானது. 73ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 0-2. ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் திட்டவில்லை, ‘பரவாயில்லடா, நல்லா நின்னாங்க’ என்றுதான் பேச்சு. அப்புறம் உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பினார்கள். சிரியாவோடு தோற்ற அன்று அக்கா மகன் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த ஆட்டத்தில் நம்மால் வெல்ல முடியும் என்று அவன் நம்பியிருந்தான்.

ஆக, ரசிகன் கணக்கு தெளிவானது. எதிரி தன்னைவிடப் பெரியவனாக இருந்தால் தடுத்து நிற்பது வீரம். தனக்குச் சமமானவன் முன்னால் அதையே செய்தால் கோபம் வருகிறது. நமக்கு வேண்டிய தமிழ்ச் சொல் இந்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும்.

‘பேருந்தை நிறுத்துதல்’ என்று அப்படியே பெயர்த்தால் உதவாது. நமக்கு பஸ் நின்றால் ஒன்று நிறுத்தம் வந்திருக்கும், இல்லை வண்டி பழுதாகியிருக்கும். கோல் நினைவுக்கு வராது. ‘தடுப்பாட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் எல்லா வகைத் தடுப்புக்கும் பொது. கிரிக்கெட்டில் ஒருவர் பந்தை மட்டையால் அமுக்கி வைப்பதற்கும் அதுவே. தெருவில் இதையே ‘கட்டை போடுறான்’ என்போம். அழகான வழக்கு, ஆனால் அது ஒற்றை ஆளின் வேலை. பத்துப் பேர் சேர்ந்து நிற்பதை அது சொல்லாது. ‘மறியல்’ என்று யோசித்தேன். இங்கே அது சாலையில் உட்காரும் போராட்டம், இலங்கைத் தமிழில் சிறை. ‘தாழ்ப்பாள் ஆட்டம்’ என்பதைக் கத்தேனாச்சோவுக்கே விட்டுவிடலாம், அதற்கு அது அச்சாகப் பொருந்துகிறது.

கடைசியில் புறத்திணையில்தான் வழி கிடைத்தது. திணைகளை அடுக்கிச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றில் “எயில்காத்தல் நொச்சி, அதுவளைத்தல் ஆகும் உழிஞை” என்று வரும். எயில் என்றால் மதில். கோட்டைக்கு உள்ளே நின்று காப்பவன் நொச்சிப் பூச் சூடுவான், வெளியே நின்று முற்றுகை இடுபவன் உழிஞை சூடுவான். ஒரே சண்டைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பெயர், இரண்டு பூ. மொரின்யோவின் பஸ்ஸில் இல்லாதது இதுதான். வளைப்பவன் இருந்தால்தான் காப்பவன் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்து நின்றபோது கபிலர் உள்ளே இருந்த பாரியைத்தான் பாடினார்.

‘நொச்சி ஆட்டம்’ என்றே வைக்க எனக்கு ஆசை. ஆனால் இன்று நொச்சி என்றதும் நினைவுக்கு வருவது ஆவி பிடிக்கும் இலை. பொருளை எடுத்துக்கொண்டு பூவை விட்டுவிடலாம். கோட்டைக்கு இன்றும் விளங்கும் சொல் அரண். “உறுபகை ஊக்கம் அழிப்பது அரண்” என்கிறது குறள். வந்த பகைவனின் ஊக்கத்தைக் கெடுப்பதே அரண் என்றால், ஓரத்திலிருந்து நாற்பதாவது முறையாகப் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் முன்கள வீரனை வேறு எப்படிச் சொல்வது?

எனவே என் பரிந்துரை ‘அரண்காப்பு’. அர்ஜென்டினாவுக்கு எதிராக ஈரான் ஆடியது அரண்காப்பு ஆட்டம். பத்துப் பேரோடு இன்டர் நின்றது அரண்காப்பு. திட்டுவதற்கும் ஒரு சொல் வேண்டுமே, அதற்கு ‘அடைப்பாட்டம்’. ‘ஜெயிக்க வேண்டிய மேட்சை அடைச்சு ஆடிக் கெடுத்துட்டாங்க’ என்று பேச்சிலும் இயல்பாக வரும். நைஜீரியாவோடு ஈரான் ஆடியதைப் பார்த்து ஊளையிட்டவர்களுக்கு அது அடைப்பாட்டம்.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மண்ணும் குடமும் சேர்ந்து மட்குடம் ஆவது போல இதுவும் ‘அரட்காப்பு’ ஆக வேண்டாமா என்று தமிழாசிரியர் யாரும் கேட்கலாம். பழைய மரபுப்படி நியாயமான கேள்வி. ஆனால் இன்று மண்பாண்டம் என்றும் எழுதுகிறோம், படிப்பவருக்கும் அரண் என்ற சொல் உடையாமல் கண்ணில் பட வேண்டும். ‘அரண்காப்பு’ என்றே எழுதுங்கள். அக்கா மகன் இப்போது அப்படித்தான் சொல்கிறான், அம்மாவும் எந்த பஸ் என்று கேட்பதில்லை.